மூன்று நாளில் டெல்லி: பழைய கல்லிலிருந்து புதிய கல் வரை ஒரு பயணத் திட்டம்

டெல்லிக்குப் போய் வந்தவர்களிடம் என்ன பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். செங்கோட்டை, இந்தியா கேட், தாமரைக் கோயில், அக்ஷர்தாம், குதுப் மினார், ராஜ்காட் என்று ஒரே பட்டியல்தான் வரும். பெரும்பாலும் ஒரே நாளில், ஒரே டூரிஸ்ட் பஸ்ஸில், ஓரிடத்துக்கு அரை மணி நேரம் என்று பார்த்திருப்பார்கள். ஊர் திரும்பிய பிறகு எது யார் கட்டியது, எது எதற்கு முந்தியது என்று ஒன்றும் நினைவில் நிற்காது. சிவப்புக் கல்லும் போக்குவரத்து நெரிசலும் மட்டும் நினைவிருக்கும்.

இந்த நகரத்தைப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. அதை அதன் வயது வரிசையிலேயே பார்ப்பது. டெல்லியின் மண்ணே அதற்குத் தோதாக அமைந்திருக்கிறது. தெற்கே மெஹ்ரோலியில் 12ஆம் நூற்றாண்டின் கடைசி. நடுவில் நிஜாமுதீன் பக்கம் 16ஆம் நூற்றாண்டு. வடக்கே ஷாஜஹான் எழுப்பிய நகரம் 17ஆம் நூற்றாண்டு. இவற்றுக்கு இடையில் ஆங்கிலேயர் கட்டிய புதுடெல்லி 20ஆம் நூற்றாண்டு. தெற்கில் தொடங்கி வடக்கே ஏறி, கடைசி மாலையில் புதுடெல்லிக்கு இறங்கினால் எண்ணூறு ஆண்டுகளை மூன்று நாளில் ஒழுங்காக நடந்து முடிக்கலாம். அலைச்சலும் குறையும், ஏனென்றால் ஒவ்வொரு நாளும் ஒரே பகுதிக்குள்தான் இருப்பீர்கள்.

முதல் படி: கிழமையை முடிவு செய்யுங்கள்

டிக்கெட் எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை இது. பலர் இதை யோசிப்பதே இல்லை. திங்கள்கிழமை செங்கோட்டை மூடியிருக்கும். தேசிய அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்ஷர்தாம் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை சாந்தினி சௌக்கின் கடைகளில் பெரும்பாலானவை திறக்காது. வெள்ளிக்கிழமை நண்பகல் ஜாமா மசூதியில் தொழுகைக் கூட்டம் நிரம்பியிருக்கும், பார்வையாளர்களை உள்ளே விட மாட்டார்கள். வியாழக்கிழமை மாலை நிஜாமுதீன் தர்காவில் கவ்வாலி என்ற சூஃபி பக்திப் பாடல்களைப் பாடுவார்கள்.

இதையெல்லாம் கூட்டிப் பார்த்தால் புதன், வியாழன், வெள்ளி என்ற மூன்று நாட்கள்தான் அழகாகப் பொருந்துகின்றன. புதன் தெற்கு, வியாழன் நிஜாமுதீன், வெள்ளி பழைய டெல்லி. வெள்ளியன்று ஜாமா மசூதிக்குக் காலையிலேயே போய்விட்டால் சிக்கல் இல்லை. சனி, ஞாயிறு, திங்கள்தான் விடுப்பு கிடைக்கிறது என்றால் வரிசையைத் திருப்பிப் போடுங்கள். சனிக்கிழமை பழைய டெல்லி, மற்ற இரண்டும் பிறகு. குதுப் வளாகமும் ஹுமாயூன் கல்லறையும் வாரம் முழுக்கத் திறந்திருக்கும் என்பதால் திங்கள் அங்கே கழியலாம்.

மாதத்தைப் பொறுத்தவரை என் தேர்வு பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் முடியும் வரை. குளிர் இறங்கியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. குடியரசுத் தலைவர் மாளிகையின் அம்ரித் உத்யான் தோட்டத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் பருவமும் அதுதான். அக்டோபர் கடைசியிலிருந்து நவம்பர் முழுக்கக் காற்றில் புகை மண்டும். ஆஸ்துமா உள்ளவர்களும் சிறு குழந்தைகளோடு போகிறவர்களும் அந்த வாரங்களை அறவே தவிர்ப்பது நல்லது. டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயிலும் விமானமும் மணிக்கணக்கில் தாமதமாகும். மூன்றே நாள் பயணத்தில் அரை நாள் அப்படிப் போய்விட்டால் ஈடுகட்ட முடியாது. மே, ஜூன் மாதங்களில் வெப்பம் 45 டிகிரியைத் தொடும். பள்ளி விடுமுறை என்பதற்காகப் பெரியவர்களை அந்த வெயிலில் கூட்டிப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: எந்த நிலையம், எந்த வண்டி

டெல்லியில் ரயில் நிலையங்கள் பல. சென்னையிலிருந்து இரவில் புறப்படும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் மூன்றாம் நாள் காலையில் புதுடெல்லி நிலையத்தில் இறக்கிவிடும். கன்னியாகுமரியிலிருந்து வரும் திருக்குறள் எக்ஸ்பிரஸ், மதுரையிலிருந்து வரும் சம்பர்க் கிராந்தி இரண்டும் ஹஸ்ரத் நிஜாமுதீன் நிலையத்துக்குப் போகின்றன. டிக்கெட்டில் எந்தப் பெயர் இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு அறை எடுங்கள். ரயில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது, அந்த நாளைக் காலண்டரில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை சுற்றத் தொடங்க வேண்டுமானால் ஞாயிறு இரவே ரயில் ஏறி, செவ்வாய் காலை இறங்கி, அன்று ஓய்வெடுத்துவிடுவது உடம்புக்கு நல்லது. விமானத்தில் சென்னையிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

விமான நிலையத்திலிருந்து டாக்சி பிடிக்கத் தேவையில்லை. மூன்றாவது முனையத்தின் அடியிலிருந்தே ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் மெட்ரோ கிளம்பி நேராகப் புதுடெல்லி ரயில் நிலையத்துக்கு வருகிறது.

புதுடெல்லி நிலையத்தின் பஹாட்கஞ்ச் பக்கம் வெளியே வந்ததும் சிலர் உங்களை நெருங்கிப் பேசுவார்கள். "உங்கள் ஹோட்டல் மூடிவிட்டார்கள்", "இன்று கலவரம், அந்தப் பக்கம் போக முடியாது", "அரசு சுற்றுலா அலுவலகம் இங்கேதான்" என்றெல்லாம் சொல்வார்கள். அதில் எதுவும் உண்மையாக இருக்காது. நிற்காமல், பதில் சொல்லாமல் நடந்துவிடுங்கள். ஆட்டோவில் ஏறிய பிறகு ஓட்டுநரே இதைச் சொன்னால், ஹோட்டலுக்கு அவர் முன்னிலையிலேயே போன் போட்டுக் கேளுங்கள்.

மூன்றாம் படி: மெட்ரோ பக்கத்தில் அறை

வாடகை இருநூறு ரூபாய் குறைவு என்று தூரத்தில் அறை எடுத்தால் அதற்கு மேல் ஆட்டோவுக்குப் போய்விடும். இந்தத் திட்டத்துக்கு மஞ்சள் வழித்தடமே முதுகெலும்பு. சாந்தினி சௌக், புதுடெல்லி, ராஜீவ் சௌக், ஜோர் பாக், ஹௌஸ் காஸ், குதுப் மினார் எல்லாம் அதே தடத்தில்தான் இருக்கின்றன. ஊதா வழித்தடத்தில் லால் கிலா, ஜாமா மசூதி, ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம். இரண்டும் சென்ட்ரல் செக்ரடேரியட்டில் சந்திக்கின்றன.

தமிழ்க் குடும்பங்களுக்குக் கரோல் பாக் பழகிய இடம். இட்லி, தோசை கிடைக்கும், நடுத்தர வாடகையில் அறைகள் நிறைய இருக்கின்றன, நீல வழித்தடத்தில் ஏறினால் ராஜீவ் சௌக் பக்கம்தான். பஹாட்கஞ்ச் மலிவு, ஆனால் இரைச்சல் அதிகம். வயதானவர்கள் உடன் வந்தால் தெற்கே கிரீன் பார்க், ஹௌஸ் காஸ் பகுதியின் விருந்தினர் இல்லங்கள் அமைதியாக இருக்கும்.

மெட்ரோவில் முதல் பெட்டி பெண்களுக்கானது, பிளாட்பாரத்திலேயே எழுதியிருப்பார்கள். ஒருவருக்கு ஒரு ஸ்மார்ட் கார்டு வாங்கிவிட்டால் வரிசையில் நிற்க வேண்டாம். ராஜீவ் சௌக்கில் மாலை ஆறு மணிக்கு வண்டி மாறுவதைத் தவிர்க்க முடிந்தால் தவிருங்கள்.

நுழைவுச்சீட்டை இந்தியத் தொல்லியல் துறையின் இணையதளத்தில் எடுப்பது நல்லது. குதுப், ஹுமாயூன் போன்ற இடங்களில் இந்தியர்களுக்கு ஆன்லைனில் 35 ரூபாய், கவுன்ட்டரில் 40. பதினைந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இலவசம். இலங்கையிலிருந்து வருகிறவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சார்க், பிம்ஸ்டெக் நாட்டுக் குடிமக்களுக்கும் இந்தியர்களுக்கான கட்டணமேதான். கடவுச்சீட்டைக் கையில் வைத்திருங்கள், வெளிநாட்டவர் வரிசையில் போய் 600 ரூபாய் கட்ட வேண்டியதில்லை.

நான்காம் படி: புதன்கிழமை, மெஹ்ரோலி

காலை ஏழு மணிக்கே குதுப் வளாகத்தில் இருங்கள். சுற்றுலாப் பேருந்துகள் வருவதற்கு முந்தைய அந்த ஒன்றரை மணி நேரம்தான் அங்கே பொன்னான நேரம். குதுப் மினார் மெட்ரோ நிலையத்திலிருந்து வளாகம் கொஞ்சம் தூரம், ஆட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லோரும் முதலில் மினாரைத்தான் அண்ணாந்து பார்ப்பார்கள். 72.5 மீட்டர் உயரம், ஐந்து அடுக்கு. குத்புத்தீன் ஐபக் தொடங்கினார், இல்துத்மிஷ் உயர்த்தினார், மின்னல் தாக்கிய பிறகு பெரோஸ் ஷா துக்ளக் மேலடுக்குகளைத் திருத்திக் கட்டினார். 1981ல் உள்ளே நடந்த நெரிசலில் பலர் இறந்ததிலிருந்து ஏற அனுமதி இல்லை. ஆனால் நீங்கள் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் மினாருக்குப் பக்கத்தில் உள்ள குவ்வத்துல் இஸ்லாம் மசூதி.

அதன் தூண்களை நெருங்கிப் பாருங்கள். மணியும் சங்கிலியும் பூக்குடமும் செதுக்கிய தூண்கள். 27 கோயில்களை இடித்து அந்தக் கற்களால் கட்டியதாக வாயிலில் உள்ள கல்வெட்டே சொல்கிறது. நம் கோயில் மண்டபங்களைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்தத் தூண்களின் மொழி உடனே பிடிபடும், சில இடங்களில் முகம் சிதைக்கப்பட்டிருப்பதும் தெரியும். அதற்கடுத்து முன்னால் நிற்கும் உயரமான வளைவுகளைக் கவனியுங்கள். பார்க்க வளைவு, ஆனால் கட்டிய முறை வேறு. கற்களைப் படுக்கையாக அடுக்கி, ஒவ்வொரு வரிசையையும் கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நீட்டி நடுவில் சேர்த்திருக்கிறார்கள். வளைவு கட்டச் சொன்ன புதிய அரசருக்காக, தூணும் உத்தரமும் மட்டுமே பழகிய உள்ளூர்த் தச்சர்கள் தங்களுக்குத் தெரிந்த வழியில் செய்த வேலை அது.

இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று நாளும் உங்கள் கண் வேலை செய்யும். பக்கத்தில் உள்ள மெஹ்ரோலி தொல்லியல் பூங்காவில் டெல்லி சுல்தான் பல்பனின் கல்லறை இடிந்து கிடக்கிறது. 1287 வாக்கில் கட்டியது. ஆப்பு வடிவில் வெட்டிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கித் தாங்கும் உண்மையான வளைவு இந்தியாவில் முதலில் எஞ்சி நிற்பது அங்கேதான் என்பார்கள். மறுபடி குதுப் வளாகத்தின் அலாய் தர்வாசாவுக்கு வந்தால், அலாவுதீன் கில்ஜியின் 1311ஆம் ஆண்டு வாயில், வளைவும் குவிமாடமும் கைவந்துவிட்டதைக் காணலாம். அவருடைய தளபதி மாலிக் கபூர் மதுரை வரை வந்து கொள்ளையடித்துத் திரும்பியதும் அதே காலத்தில்தான். அந்த வாயிலின் முன் நிற்கும்போது நம் ஊர் வரலாறும் அந்தக் கல்லும் ஒரே ஆண்டில் வந்து முட்டுகின்றன. குதுப்பைப் போல் இரு மடங்கு உயரத்தில் ஒரு மினார் கட்டவும் அலாவுதீன் தொடங்கினார். முதல் அடுக்கோடு நின்றுபோன அந்தக் கற்குவியலும் வளாகத்தின் வடக்கே இருக்கிறது.

முற்றத்தில் நிற்கும் இரும்புத் தூணை விடாதீர்கள். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை, குப்தர் காலத்துக் கல்வெட்டு. பதினாறு நூற்றாண்டு மழையிலும் கரைந்துபோகவில்லை. இரும்பில் உள்ள அதிகப்படியான பாஸ்பரஸ் அதன் மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியதே காரணம்.

தொல்லியல் பூங்காவில் ஜமாலி கமாலி மசூதி, ராஜோன் கி பாவ்லி என்ற படிக்கிணறு இரண்டும் பார்க்க வேண்டியவை. நுழைவு இலவசம். காலையில் போங்கள், தனியாகப் போகாதீர்கள், பாதைப் பலகைகள் குறைவு என்பதால் போனில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிற்பகலுக்கு இரண்டு வழி. குளிர்காலமாக இருந்து, நடக்கத் தெம்பும் இருந்தால் ஆட்டோ பிடித்துத் துக்ளகாபாத் கோட்டைக்குப் போங்கள். கியாசுத்தீன் துக்ளக் 1321ல் தொடங்கிய பிரம்மாண்டமான கோட்டை, இன்று முள்ளும் குரங்கும் வாழும் இடிபாடு. நிழலும் கடையும் கிடையாது, தண்ணீர் எடுத்துப் போக வேண்டும். சாலைக்கு எதிரே சாய்ந்த சுவர்களும் வெள்ளைப் பளிங்குக் குவிமாடமும் கொண்ட அவருடைய கல்லறை. கோட்டை கட்டும் ஆட்களைச் சூஃபி ஞானி நிஜாமுதீன் அவுலியாவின் குளத்து வேலைக்குச் சுல்தான் விடாததால் இருவருக்கும் பகை மூண்டது என்பது டெல்லியில் இன்றும் சொல்லப்படும் கதை. படையெடுப்பிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த சுல்தானைப் பற்றி "டெல்லி இன்னும் தூரத்தில் இருக்கிறது" என்றாராம் அந்த ஞானி. நகருக்குள் நுழையுமுன் பந்தல் சரிந்து சுல்தான் இறந்தார். ஆண்டு 1325. அதே ஆண்டில் நிஜாமுதீனும் காலமானார். அவருடைய தர்காவுக்கு மறுநாள் போகப் போகிறீர்கள்.

வெயில் அதிகமென்றால் துக்ளகாபாத் வேண்டாம். ஹௌஸ் காஸ் போய் ஏரிக்கரையில் பெரோஸ் ஷாவின் மதரசாவைப் பார்த்துவிட்டு அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

ஐந்தாம் படி: வியாழக்கிழமை, ஹுமாயூனும் நிஜாமுதீனும்

ஜவாஹர்லால் நேரு ஸ்டேடியம் நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் ஹுமாயூன் கல்லறைக்குப் போகலாம். உள்ளே போனதும் நேராக நடக்காமல் வலப்பக்கம் திரும்பி ஈசா கானின் எண்கோணக் கல்லறையை முதலில் பாருங்கள். 1547ல் கட்டியது. குட்டையான தூண்கள், தாழ்ந்த குவிமாடம். அதைப் பார்த்துவிட்டு ஹுமாயூன் முன் போய் நின்றால் இருபத்தைந்து ஆண்டுக்குள் நடந்த பாய்ச்சல் புரியும்.

கணவருக்காக இதைக் கட்டுவித்தவர் பேகா பேகம். வடிவமைத்தவர் மிராக் மிர்சா கியாஸ். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரட்டைக் குவிமாடம். உட்கூரை மனித அளவுக்குப் பொருந்தி நிற்க, வெளிக்குவிமாடம் தனியாக உயர்ந்து எழுகிறது. நான்கு பகுதித் தோட்டமும் நீர்க்கால்களும் கொண்ட இதே அமைப்புதான் பின்னர் ஆக்ராவில் தாஜ்மஹாலானது. 1857ல் கடைசி முகலாய அரசர் பகதூர் ஷா ஜாஃபர் ஒளிந்திருந்து பிடிபட்டதும் இந்தக் கல்லறையில்தான். மேடையில் ஏறிச் சுற்றிலும் பாருங்கள். முகலாயக் குடும்பத்தினர் நூற்றுக்கு மேற்பட்டோர் இங்கே புதைக்கப்பட்டிருக்கிறார்கள், பெரும்பாலான கல்லறைகளில் பெயர்கூட இல்லை.

2024ல் திறந்த நிலத்தடி அருங்காட்சியகம் வாசலருகில் இருக்கிறது. நண்பகல் வெயிலுக்கு அதுவும், ஒட்டியுள்ள சுந்தர் நர்சரியும் ஏற்றவை. குழந்தைகள் ஓடியாட சுந்தர் நர்சரியைவிட நல்ல இடம் இந்த மூன்று நாளில் கிடைக்காது.

மூன்று மணிக்கு மேல் லோதி தோட்டம். நுழைவுச்சீட்டு கிடையாது. டெல்லிக்காரர்கள் நடைப்பயிற்சி செய்யும் பாதையின் இருபுறமும் 15, 16ஆம் நூற்றாண்டு சுல்தான்களின் கல்லறைகள் நிற்கின்றன. பாயை விரித்துச் சாப்பிடும் குடும்பங்களும் அவற்றின் நிழலில் இருக்கும். இங்கே ஒன்றும் அவசரமாகப் பார்க்க வேண்டாம்.

மாலைத் தொழுகைக்குப் பிறகு நிஜாமுதீன் தர்கா. தர்காவைச் சுற்றியுள்ள குடியிருப்பான பஸ்தியின் சந்து குறுகலானது. செருப்பை வாங்கி வைக்கிறேன், பூ வாங்கினால்தான் உள்ளே விடுவார்கள் என்று கடைக்காரர்கள் அழைப்பார்கள், கட்டாயம் எதுவும் இல்லை. சன்னிதி வரை போய்க் கழற்றி விடலாம். தலையை மறைக்கத் துணி கொண்டு போங்கள். பெண்கள் கருவறைக்குள் நுழைய முடியாது, முற்றம் எல்லோருக்கும் உண்டு. நிஜாமுதீனின் அன்புச் சீடரான கவிஞர் அமீர் குஸ்ரோவின் கல்லறை எதிரிலேயே இருக்கிறது. முதலில் குஸ்ரோவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு குருவிடம் போவது அங்கே மரபு. பிறகு முற்றத்துத் தரையில் ஓர் ஓரமாக உட்காருங்கள். ஆர்மோனியமும் கைத்தட்டலும் தொடங்கிவிடும். மொழி புரியாவிட்டாலும் கவலை இல்லை. பாடுகிறவர்களின் முகத்துக்கு நேரே போனை நீட்டாமல் கேளுங்கள்.

ஆறாம் படி: வெள்ளிக்கிழமை, ஷாஜஹானின் நகரம்

காலை எட்டு மணிக்கு ஜாமா மசூதி. 1650ல் தொடங்கி 1656ல் முடித்தது. படிகளின் உச்சியிலிருந்து செங்கோட்டை நேர் எதிரே தெரியும், அரசர் ஏறி வந்த பாதை அது. முழங்காலை மறைக்கும் உடை வேண்டும். காலுறை போட்டிருந்தால் கல் சுடாது, குளிராது. கீழே இறங்கினால் மட்டியா மஹல் தெரு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் காலை நிஹாரி என்ற இறைச்சிக் குழம்பும் ரொட்டியும் சாப்பிட வேண்டிய இடம். 1913லிருந்து நடக்கும் கரீம்ஸ் அங்கே ஒரு சந்துக்குள் இருக்கிறது.

ஒன்பதரைக்குச் செங்கோட்டை திறந்ததும் நுழைந்துவிடுங்கள். பாதுகாப்புச் சோதனைக்கு நேரம் ஒதுக்குங்கள், பெரிய பை வேண்டாம். 1639ல் தொடங்கி 1648ல் முடிந்த அரண்மனை இது. உள்ளே போன பலர் இவ்வளவுதானா என்று ஏமாறுவதற்குக் காரணம் உண்டு. 1857க்குப் பிறகு ஆங்கிலேயர் அரண்மனையின் பெரும்பகுதியை இடித்துவிட்டுப் படைவீரர் குடியிருப்புகளைக் கட்டினார்கள். இன்று புல்வெளியாகக் கிடப்பதெல்லாம் ஒரு காலத்தில் முற்றமும் மாடமுமாக இருந்தவை. மிச்சமிருக்கும் அரசவை மண்டபங்களான திவானே ஆம், திவானே காஸ் இரண்டையும் அந்த நினைப்போடு பாருங்கள். அந்த ராணுவக் கட்டடங்களில் ஒன்றில் நேதாஜி அருங்காட்சியகம் இருக்கிறது. இந்திய தேசியப் படை அதிகாரிகள் மீதான விசாரணை 1945ல் தொடங்கியது இந்தக் கோட்டைக்குள்தான். மலாயாவிலும் பர்மாவிலும் தோட்டத் தொழிலாளர்களாக இருந்த தமிழர்கள் அந்தப் படையில் பெருமளவில் சேர்ந்தவர்கள். நம் குடும்பங்களில் சிலருக்கு அது தாத்தாவின் கதை. அரை மணி நேரமாவது அங்கே நில்லுங்கள்.

பிற்பகல் முழுக்க சாந்தினி சௌக். ஷாஜஹானின் மகள் ஜஹானாரா வகுத்த கடைவீதி. முதன்மைத் தெருவில் பகல் நேரத்தில் மோட்டார் வண்டிகளுக்கு அனுமதியில்லை, நடந்தோ சைக்கிள் ரிக்‌ஷாவிலோ போகலாம். ரிக்‌ஷாவுக்கு ஏறுமுன்னே எவ்வளவு, எதுவரை என்று பேசிவிடுங்கள். 1675ல் குரு தேக் பகதூர் தலை வெட்டப்பட்ட இடத்தில் எழுந்த சீஸ் கஞ்ச் குருத்வாராவில் தலையை மூடிக்கொண்டு போய், லங்கரில் எல்லோரோடும் தரையில் அமர்ந்து சாப்பிடுங்கள். யாரென்று கேட்காமல் போடும் சாப்பாடு. தரிபா முனையில் நெய் ஜிலேபி, பராட்டா சந்தில் பொரித்த பராட்டா, குளிர்காலமாக இருந்தால் தள்ளுவண்டியில் பால்நுரையால் செய்த தௌலத் கி சாட். தெருவின் மேற்கு முனையில் ஃபத்தேபூரி மசூதியைத் தாண்டினால் காரி பாவ்லி மசாலாச் சந்தை, மிளகாய் நெடியில் தும்மாமல் யாரும் வெளியே வருவதில்லை. பல்லிமாரான் சந்துக்குள் கவிஞர் காலிப் வாழ்ந்த வீட்டின் ஒரு பகுதி நினைவிடமாக இருக்கிறது.

ஐந்து மணிக்கு லால் கிலா நிலையத்தில் ஊதா வண்டி ஏறி சென்ட்ரல் செக்ரடேரியட்டில் இறங்குங்கள். வெளியே வந்தால் வேறு உலகம். தலைநகர் கல்கத்தாவிலிருந்து மாறும் என்று 1911ல் அறிவித்து, கட்டடக் கலைஞர்கள் லட்யன்ஸும் பேக்கரும் வரைந்து, 1931ல் திறந்து வைத்த புதுடெல்லி. கர்த்தவ்ய பத் வழியாக விளக்குகள் எரியத் தொடங்கும் நேரத்தில் இந்தியா கேட் வரை நடங்கள். நாள் முழுக்கச் சந்துகளில் இடிபட்டு வந்த உடம்புக்கு அந்த அகலமான சாலை இதமாக இருக்கும். பசித்தால் அருகில் ஆந்திரா பவன் கேன்டீன். தட்டு நிறையச் சோறும் பருப்புப்பொடியும் நெய்யும் கிடைக்கும், வரிசை மட்டும் நீளம்.

விட்டுவிட வேண்டியவை, நான்காம் நாள் இருந்தால் சேர்க்க வேண்டியவை

அக்ஷர்தாமும் தாமரைக் கோயிலும் இந்தத் திட்டத்தில் இல்லை. ஒவ்வொன்றும் போக வர அரை நாள் எடுக்கும். தேசிய அருங்காட்சியகத்தை விட மனம் வராதவர்கள் வியாழக்கிழமை லோதி தோட்டத்துக்குப் பதிலாக அங்கே போகலாம். மொகஞ்சதாரோவின் நடன மங்கையும் சோழர் கால நடராசரும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் இடம். கிளம்புமுன் திறந்திருக்கிறதா என்று அதன் இணையதளத்தைப் பாருங்கள்.

ஆக்ராவை மூன்று நாளுக்குள் திணிக்காதீர்கள். சனிக்கிழமை ஒதுக்க முடிந்தால் மட்டும் போங்கள், தாஜ்மஹாலுக்கு வெள்ளிதான் விடுமுறை. ஹஸ்ரத் நிஜாமுதீனிலிருந்து காலையில் கிளம்பும் கதிமான் எக்ஸ்பிரஸ் நூறு நிமிடத்தில் ஆக்ரா கன்டோன்மென்ட்டில் விட்டுவிடும். அங்கிருந்து மறுபடி டெல்லிக்குத் திரும்ப வேண்டிய அவசியமும் இல்லை. சென்னை செல்லும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நிற்கிறது. திரும்பும் டிக்கெட்டை அங்கிருந்தே எடுத்து, பெட்டிகளை நிலையத்தின் பொருள் வைப்பறையில் போட்டுவிட்டு, கைப்பையோடு தாஜுக்குப் போய்விட்டு இரவு வண்டி ஏறிவிடலாம்.